பைப் அறுக்க எந்த பிளேடு?

தலைப்பைப் பார்த்துவிட்டு ஓடிவிடாதீர்கள். நம் ஊரில் "பிளேடு போடுவது" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். இன்றைக்கு நான் போடப்போவது நிஜமான பிளேடு, இரும்பை அறுக்கும் பிளேடு :-)

வங்கிக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பி.காம் படித்துவிட்டு இருபது வருஷமாக மற்றவர்கள் மெஷின் வாங்கக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மெஷினைக்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் எந்த மெஷின் தன் கடனைத் தானே அடைத்தது, எது மூலையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது என்று நிறையப் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் ஃபரிதாபாத்தில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பம் ஒன்றிலிருந்து போன். "அண்ணா, என் தம்பி வேலையை விட்டுட்டு சொந்தமா ஃபேப்ரிகேஷன் பட்டறை போடறான். ஸ்டீல் பைப் அறுக்கற மெஷினுக்கு ஒருத்தர் பன்னிரண்டாயிரம் சொல்றார், இன்னொருத்தர் ரெண்டே கால் லட்சம் சொல்றார். ரெண்டும் பைப்பைத்தானே அறுக்குது? இவன் பெரிசுதான் வேணும்னு நிக்கறான். நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்" என்றார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதுகிறேன் என்றேன். ஊர் விட்டு வந்து சேர்த்த பணத்தைப் பட்டறையில் போட நினைக்கும் வேறு தம்பிகளும் இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது லூதியானா. அங்கே மூன்று வருஷம் இருந்தேன். சைக்கிளும் ஸ்வெட்டரும் செய்யும் ஊர் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். போய்ப் பார்த்தால், கோயம்புத்தூர் கணபதி பக்கத்துத் தெருக்களை அப்படியே எடுத்து வைத்து, சாம்பாருக்குப் பதில் ராஜ்மா ஊற்றியது போல இருந்தது. கில் ரோடு பக்கம் சந்துக்குச் சந்து பட்டறை. லேத், பிரஸ், வெல்டிங் என்று காது அடங்க இரவு எட்டு மணி ஆகும்.

2023 கடைசியில் ஒரு சர்தார்ஜி கடன் கேட்டு வந்தார். பள்ளிக்கூட டெஸ்க் செய்கிறவர். இரண்டு பிள்ளைகள் உட்காரும், பெஞ்சும் மேஜையும் சேர்ந்த டெஸ்க். பஞ்சாபில் ஏப்ரலில் பள்ளி ஆண்டு தொடங்குகிறது, மார்ச்சுக்குள் 400 டெஸ்க் கொடுக்க ஆர்டர் கையில் இருந்தது. பேண்ட் சா ஒன்றுக்கு 2.25 லட்சம் கொட்டேஷனோடு வந்து உட்கார்ந்தார். "மேனேஜர் சாப், பைப் அறுக்கிறதுதான் லேட் ஆகுது, இந்த மெஷின் வந்தால் எல்லாம் சரியாயிடும்" என்றார்.

கடன் கொடுக்கும் முன் பட்டறையைப் போய்ப் பார்ப்பது வழக்கம். பொதுவாக அரை மணி நேர வேலை. போர்டு இருக்கிறதா, மீட்டர் ஓடுகிறதா, ஆட்கள் இருக்கிறார்களா, இரண்டு போட்டோ, ஒரு லஸ்ஸி. (லஸ்ஸி வேண்டாம் என்று லூதியானாவில் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நடக்காது.) அன்றைக்கு லஸ்ஸி டம்ளர் பெரியது, அதனால் கொஞ்சம் அதிக நேரம் உட்கார வேண்டியிருந்தது. அதில்தான் கண்ணில் பட்டது.

பைப் அறுக்க அவரிடம் இருந்தது எல்லாப் பட்டறையிலும் இருக்கும் 14 அங்குல சாப் சா. கறுப்பு நிறத்தில் வட்டமான கட்டிங் வீல் சுற்றும், கைப்பிடியை அழுத்தினால் தீபாவளி மாதிரி பொறி பறக்கும், அதுதான். 25 மில்லி சதுரப் பைப், 18 கேஜ், அதாவது சுவர் 1.2 மில்லி. ஒரு வெட்டுக்கு வாட்சில் பார்த்தேன், எட்டு விநாடி. எட்டு விநாடியில் அறுபடும் பைப் எப்படி லேட் ஆகும்?

பக்கத்தில் பார்த்தால் விடை இருந்தது. பீகாரிலிருந்து வந்த இருபது வயதுப் பையன் ஒருவன் தரையில் உட்கார்ந்து, அறுத்துப் போட்ட துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அரம் போட்டுக்கொண்டிருந்தான். சாப் சா இரும்பை அறுப்பதில்லை, தேய்த்துச் சூடாக்கித் தள்ளுகிறது. தள்ளப்பட்ட இரும்பு பைப்பின் ஓரத்தில் உள்ளும் வெளியும் பிசிறாக ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்காமல் டெஸ்க் செய்தால் பிள்ளைகளின் கையைக் கிழிக்கும். ஒரு முனைக்கு அவனுக்கு 40 விநாடி ஆயிற்று. ஒரு துண்டுக்கு இரண்டு முனை.

அதற்கு அப்பால் வெல்டர். அவரும் சும்மா இல்லை. மெல்லிய வீல் அழுத்தத்தில் கொஞ்சம் வளைந்து போகும், அதனால் வெட்டு நேராக இருக்காது. சர்தார்ஜியின் மகன் ஒரு துண்டில் மூலைமட்டத்தை வைத்துக் காட்டினார், ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது. இரண்டு பைப்பைச் சேர்த்தால் நடுவில் இடைவெளி. 1.2 மில்லி சுவரில் இடைவெளியை வெல்டிங்கால் அடைப்பது லேசான வேலை இல்லை. கொஞ்சம் அதிக நேரம் காட்டினால் ஓட்டை விழும். வெல்டர் புள்ளி புள்ளியாக வைத்து, நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆக, தாமதம் வெட்டுவதில் இல்லை. வெட்டு முடிந்த பிறகு நடப்பதில் இருந்தது. கல்லூரியில் காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் ஒரு செலவு எந்த டிபார்ட்மெண்டில் எழுதப்படுகிறது, எந்த டிபார்ட்மெண்டில் பிறக்கிறது என்று இரண்டையும் பார்க்கச் சொல்வார். அரத்தின் கூலியும் வெல்டரின் கூலியும் ரம்பத்தில் பிறந்தவை.

சரி, பேண்ட் சா வந்தால் இது தீர்ந்துவிடுமா? இந்த இடத்தில்தான் விற்க வந்தவர் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது.

பேண்ட் சா என்பது பெல்ட் மாதிரி முடிவில்லாமல் சுற்றும் பல் வைத்த பட்டை. நல்ல மெஷின்தான். உருட்டுக் கம்பி, கனமான பைப், சேனல் எல்லாவற்றையும் அலட்டிக்கொள்ளாமல் அறுக்கும். வெட்டுப் பட்டையின் அகலம் குறைவு, இரும்பு வீணாவது குறைவு. கம்பியை மாட்டி ஓடவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால் அதற்கு ஒரு விதி உண்டு: அறுபடும் தடிமனுக்குள் எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பல் இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 14 பல் உள்ள பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 1.8 மில்லி இடைவெளி. நம் பைப்பின் சுவரோ 1.2 மில்லி. சுவர் நேராகப் பல் சந்தில் போய் உட்காரும், பல் தெறிக்கும். 24 பல் பிளேடு போட்டால்கூட ஒரு பல்தான் சுவருக்குள் நிற்கும். இறங்கும் வேகத்தை ரொம்பக் குறைத்தோ, பத்துப் பைப்பைக் கட்டாக இறுக்கிக் கட்டியோ ஓட்டலாம். ஓட்டுகிறார்கள். ஆனால் கட்டு துளி ஆடினாலும் நடுவில் இருக்கும் பைப்பின் நீளம் மாறிவிடும். டெஸ்க்கில் நான்கு கால் நான்கு நீளத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பழைய பவர் ஹேக்ஸாவைப் பற்றியும் கேட்பீர்கள். என் மாமா பட்டறையில் ஒன்று இருந்தது, முன்னும் பின்னும் போய் வந்துகொண்டு தூக்கம் வரவைக்கும். கம்பிக்குச் சரி, விலையும் குறைவு. மெல்லிய பைப்புக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

மிச்சம் இருப்பது கோல்டு சா. பெயரைக் கேட்டு ஐஸ் வைத்து அறுப்பது என்று முதலில் நினைத்தேன். இதுவும் வட்ட பிளேடுதான், ஆனால் ஹைஸ்பீடு ஸ்டீலில் பல் வெட்டியது. விசேஷம் வேகத்தில் இருக்கிறது. சாப் சா நிமிடத்துக்கு 3800 சுற்று சுற்றுகிறது. 355 மில்லி வீலின் விளிம்பு விநாடிக்கு 70 மீட்டர், அதாவது மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம். கோல்டு சா 315 மில்லி பிளேடை நிமிடத்துக்கு 50 சுற்று என்று சுற்றுகிறது. விளிம்பின் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர், நாம் காய்கறி வாங்க நடந்து போகும் வேகம்கூட இல்லை. எண்ணெய் கலந்த தண்ணீர் மேலே ஊற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பல்லும் இரும்பைச் சீவி எடுக்கிறது, சூடு சீவலோடு போய்விடுகிறது. அறுத்த உடனே பைப் முனையைக் கையால் தொடலாம். பிசிறு நகத்தால் தடவினால்தான் தெரியும். வெட்டுக்கு இரண்டு பக்கமும் வைஸ் பிடித்துக்கொள்வதால் மட்டம் மாறாது. 45 டிகிரிக்குத் திருப்பியும் அறுக்கலாம்.

இதெல்லாம் விற்பவர் காட்டும் காகிதத்திலும் இருக்கும். அதை நம்பிக் கடன் கொடுக்க முடியாது. சர்தார்ஜிக்கு இரண்டு தெரு தள்ளி ஜிம் சாமான் செய்யும் ஒருவரிடம் இந்த மெஷின் இருந்தது. பத்து டெஸ்க்குக்கு வேண்டிய 140 துண்டை அங்கே கூலிக்கு அறுத்து வாங்கி, அதே வெல்டரிடம் கொடுங்கள், நேரம் குறித்து வையுங்கள் என்றேன். ஒரு வாரம் கழித்து மகன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஒரு டெஸ்க் வெல்டிங் 50 நிமிடத்திலிருந்து 35 நிமிடமாகியிருந்தது. அரம் போடுவது ஒரு முனைக்கு எட்டு விநாடி. வெட்டுவது மட்டும் எட்டிலிருந்து பதினெட்டு விநாடியாகக் கூடியிருந்தது. ஆமாம், விலை கூடின மெஷின் மெதுவாகத்தான் வெட்டுகிறது. இதைச் சொன்னபோது சர்தார்ஜி கொஞ்ச நேரம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 400 டெஸ்க், டெஸ்க்குக்கு 14 துண்டு, மொத்தம் 5,600 துண்டு, 11,200 முனை. அரத்தில் மிச்சம் ஏறக்குறைய 100 மணி. வெட்டில் கூடுவது 16 மணி. போக 84 மணி, நாள் கூலி 550 வைத்தால் 5,800 ரூபாய். அவர் வாங்கும் கட்டிங் வீல் 170 ரூபாய், ஒன்றில் சுமார் 150 வெட்டு வந்துகொண்டிருந்தது. 37 வீல், 6,300 ரூபாய். அதற்குப் பதில் கோல்டு சா பிளேடை இரண்டு தரம் சாணை பிடிக்க ஆயிரம், பிளேடு தேய்மானமும் கூலண்டும் 800. ஆக 4,500 மிச்சம். வெல்டருக்கு டெஸ்க்குக்கு 15 நிமிடம், மொத்தம் 100 மணி, 850 ரூபாய் கூலியில் 10,600. எல்லாம் சேர்த்து ஒரு ஆர்டருக்கு 21 ஆயிரம். பாதிக்கு மேல் வெல்டரிடமிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். ரம்பம் வாங்கும்போது யாரும் வெல்டரைக் கேட்பதில்லை.

மெஷின், ஸ்டாண்டு, இரண்டு பிளேடு சேர்த்து வரி இல்லாமல் 1.10 லட்சம் கொட்டேஷன். வருஷத்துக்கு இப்படி நான்கு ஆர்டர் வரும் என்று அவருடைய பழைய பில்கள் சொன்னன. ஒன்றேகால் வருஷத்தில் மெஷின் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். முத்ரா திட்டத்தில் ஐந்து லட்சம் வரையான கிஷோர் பிரிவு, வீட்டுப் பத்திரம் எதுவும் வேண்டாம். கையிலிருந்து 25 ஆயிரம் போட்டார், மிச்சம் கடன். மாதத் தவணை மூவாயிரத்துக்குள்.

சர்தார்ஜிக்கு ஒரு மனக்குறை. "நாளைக்குக் கம்பி அறுக்கிற ஆர்டர் வந்தால்? பேண்ட் சா இருந்தால் எல்லாம் அறுக்கலாமே?" நியாயமான கேள்வி. அந்த ஆர்டர் வரும்போது அந்தக் கொட்டேஷனோடு வாருங்கள், நான் இல்லாவிட்டாலும் என் நாற்காலியில் யாராவது இருப்பார்கள் என்றேன். வராத ஆர்டருக்குத் தவணை கட்டிக் கஷ்டப்பட்டவர்களை நான் அதிகம் பார்த்துவிட்டேன்.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு நாள் மகன் ஒரு பிளேடைக் கொண்டுவந்து காட்டினார். கார்பைடு பல் வைத்த 14 அங்குல பிளேடு. கடையில் யாரோ, "புது மெஷின் எதுக்கு, இதை உங்க பழைய சாப் சாவிலேயே மாட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ஓட்டையும் சரியாகப் பொருந்துகிறது. பிளேடில் அச்சிட்டிருந்ததைப் படிக்கச் சொன்னேன். அதிகபட்சம் 1800 சுற்று. அவர்கள் மெஷினின் தகட்டில் 3800. இரண்டு மடங்குக்கு மேல் வேகத்தில் அந்தப் பல் ஒன்று பிய்த்துக்கொண்டு வந்தால், எதிரே நிற்பவர் பிழைப்பது அதிர்ஷ்டம். அந்த பிளேடுக்கென்றே 1300 முதல் 1500 சுற்றில் ஓடும் டிரை கட் மெஷின் தனியாக இருக்கிறது. கூலண்ட் வேண்டாம், சிங்கிள் ஃபேஸில் ஓடும், தூக்கிக்கொண்டு சைட்டுக்குப் போகலாம். சத்தம் அதிகம், பிளேடு விலையும் அதிகம், ஆனால் வெட்டு சாப் சாவைவிட எவ்வளவோ சுத்தம். கிரில், கேட் என்று வெளிவேலை செய்பவர்களுக்கு அது பொருந்தும். தம்பி, அறையை வாடகைக்கு எடுக்கும் முன் த்ரீ ஃபேஸ் இணைப்பு இருக்கிறதா என்று கேட்டீர்களா? கோல்டு சாவும் பேண்ட் சாவும் பெரும்பாலும் த்ரீ ஃபேஸில்தான் வருகின்றன. இல்லை என்றால் பேச்சே டிரை கட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அரம் போடும் அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. முதல் நாள் பார்த்தபோது அவன் வலது கண் சிவந்திருந்தது. வீல் பொடியும் இரும்புத் துகளும் கலந்து பறக்கிற இடத்துக்கு நாலடியில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி இல்லையா என்றேன். ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்துக் காட்டினார்கள், கீறல் விழுந்து பால் மாதிரி வெளுத்திருந்தது. அதைப் போட்டால் பைப்பே தெரியாது. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு வேலை செய்கிறானாம். நம்மைப் போலவே ஊர் விட்டு வந்தவன். நமக்கு மெடிக்ளெய்ம் இருக்கிறது. அவனுக்கு ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு.

எங்கள் கணக்கில் மிச்சமான அந்த 84 மணி நேரம் அவனுடைய கூலிதான் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கடன் பேப்பரில் அதற்குக் கட்டம் கிடையாது. பணம் கொடுத்த அன்று, "இவனை என்ன செய்யப் போறீங்க சர்தார்ஜி?" என்று கேட்டேன். "மெஷினை யார் ஓட்டுறது, நானா?" என்றார்.

2024 ஜனவரியில் மெஷின் வந்தது. இரண்டாவது வாரமே முதல் பிளேடில் பல் போயிற்று. சாப் சாவில் பழகிய கை, தலையைச் சடாரென்று இறக்கிவிட்டது, பல் சதுரப் பைப்பின் சுவரில் மோதியது. கோல்டு சாவில் பிளேடு பைப்பைத் தொடும்வரை மெதுவாக இறக்க வேண்டும், பிறகு ஒரே சீராக அழுத்த வேண்டும். மெல்லிய பைப்புக்குப் பல் நெருக்கமான பிளேடாகவும் இருக்க வேண்டும். சாணைக்குப் போன பிளேடு திரும்ப நான்கு நாள். கொட்டேஷனில் இரண்டாவது பிளேடைச் சேர்த்திருந்ததால் வேலை நிற்கவில்லை. வெட்டிய பைப்பில் கூலண்ட் ஈரம் இருந்தால் வெல்டிங்கில் பொத்தல் விழுகிறது என்று வெல்டர் சண்டை போட்டார். துண்டுகளைத் துணியால் துடைத்து வெயிலில் சாய்த்து வைக்கும் வேலை புதிதாக வந்து சேர்ந்தது. அதை எங்கள் கணக்கில் யாரும் எழுதியிருக்கவில்லை. 400 டெஸ்க்கில் கடைசி முப்பது ஒரு வாரம் தாமதமாகத்தான் போயின. நான் அங்கிருந்து மாறுதலாகும்வரை தவணை ஒன்றும் தவறவில்லை. பழைய சாப் சாவையும் அவர் விற்கவில்லை, ஆங்கிள் இரும்பு அறுக்க வாசல் பக்கம் போட்டிருக்கிறார்.

தம்பியின் கதை வேறாக இருக்கலாம். மாதம் இருநூறு வெட்டுதான் என்றால் பன்னிரண்டாயிரம் ரூபாய் சாப் சாவே போதும், நல்ல கண்ணாடியும் காதடைப்பானும் வாங்கிக்கொண்டு. கனமான பைப்பும் கம்பியுமாக வேலை வந்தால் பேண்ட் சாதான், அப்போது அந்த ரெண்டே கால் லட்சம் நியாயமான விலை. மெல்லிய பைப், நிறைய துண்டு, வெல்டிங், பெயிண்ட் என்றால் கோல்டு சா. எதுவானாலும், இருபது துண்டை யாரிடமாவது கூலிக்கு அறுத்து வாங்கி மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். விற்பவரிடம் பிளேடு எங்கே சாணை பிடிப்பார்கள், எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். "அதெல்லாம் தேவைப்படாது சார்" என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

பி.கு. 1: ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் மெஷினுக்குக் கட்டும் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. வரித் தொகையையும் சேர்த்துத் தேய்மானம் எழுதினாலும் கிடையாது.

பி.கு. 2: சாப் சாவே வாங்குவது என்று முடிவானால், கட்டிங் வீலின் நடுவில் இருக்கும் உலோக வளையத்தைப் பாருங்கள். காலாவதி மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும். பிசினால் ஒட்டிய வீல், ஈரத்திலும் நாள்பட்டும் பலம் குறையும். தள்ளுபடியில் வரும் பெட்டிகளில் பழசுதான் அதிகம்.